இடுப்பிலிருந்து பார்த்த முகம்

வளர்மதி, பாபு, வாரா வாரம் எல்லோருக்கும் எழுதுகிற நான் இந்த வாரம் எழுதுவது உங்கள் இரண்டு பேருக்குத்தான். மற்றவர்கள் கூட உட்கார்ந்து படித்தால் படிக்கட்டும்.

போன மாசம் வெள்ளையடிக்க வீட்டைக் காலி பண்ணினபோது, அம்மாவின் தகரப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். "யாருப்பா இந்தக் கொழந்த? ஏன் மூஞ்சி முழுசா இல்ல? ஏன் எங்கியோ பாத்துகினு கீது?" என்று பாபு கேட்டான். அம்மா படத்தை வாங்கி, முந்தானையால் துடைத்து, திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நான் "அப்புறம் சொல்றேன்" என்றேன்.

நேரில் சொல்ல எனக்கு வராது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தாலும், தாளில் நிதானமாகச் சொல்லிவிடலாம்.

அது உங்கள் அண்ணன். பெயர் சேகர். வளர்மதிக்கு முன்னால் பிறந்து, மூன்று வயது முடியுமுன்னே காய்ச்சலில் போய்விட்டான். அந்தப் படத்தை வரைந்தவன் என் சிநேகிதன் தாமோதரன். ஊருக்கெல்லாம் ஆர்ட்டிஸ்ட் தாமு.

என் இடத்தில் அவன்

அந்தப் படம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு காலை நேரம். எழுபதுகள் முடியப்போகிற சமயம். ஓட்டுக் கண்ணாடி வழியாக வெயில் ஒரு பாய் அளவுக்குத் தறி மேல் விழுந்து கிடக்கிறது. அரக்குச் சிவப்பில் பாதி நெய்த சேலை. என் தறிக்குழியில், மிதிகட்டைக்குக் காலைத் தொங்கவிட்டு நான் உட்காரும் பலகையில், தாமு உட்கார்ந்திருக்கிறான்.

அவன் நெட்டையான ஆள். குழிக்குள் காலை விட்டதும் முட்டி இரண்டும் தறியில் இடித்தது. கையில் தாளும் இல்லை, கரிக்குச்சியும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ஏகா, சேகரு எங்க நிப்பான்?" என்று என்னைக் கேட்டான்.

நான் காட்டினேன். வலது பக்கம், தரையில், தறிக்கால் ஓரமாக.

"எப்பிடி நிப்பான்?"

"தறியப் பாத்துகினுதான். நூல இழுத்துகினு நாடா இப்பிடிப் போவறதும் அப்பிடி வர்றதும் பாத்துகினே இருப்பான். சோறு தின்னக் கூப்புட்டாலும் திரும்பமாட்டான்."

தாமு தலையை வலது பக்கம் திருப்பி அந்த வெறும் இடத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். யாரோ நிற்கிறமாதிரி அவன் கண் மேலும் கீழும் போனது. நானும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் ஏன் அங்கே வந்து உட்கார்ந்தான் என்று புரிய வேண்டுமானால், தாமு எப்படிப்பட்டவன் என்று முதலில் சொல்ல வேண்டும்.

பாதி வாய்க்கு, பாதி படத்துக்கு

தாமு பள்ளிக்கூடத்தில் படம் படித்தவன் இல்லை. வேலூரில் போர்டு எழுதும் கடை ஒன்றில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறை எடுத்தான். மளிகைக் கடைப் பெயர்ப் பலகை, கட்சித் தட்டி, லாரியின் பின்பக்கத்துக்குத் தாமரைப் பூ, இதெல்லாம் அவன் சோற்றுக்கு. மனசுக்கு அவனுக்கு வேண்டியது மனுஷ உடம்பு.

"மூஞ்சி வரையறவன் நெறைய பேர் கீறான்பா. ஒருத்தன் உக்காந்தா அவன் பாரம் எந்தப் பக்கம் எறங்குது, அத்த வரையணும். அதான் வித்த" என்பான்.

அதைப் பழகத்தான் அவன் தறி வீடு தறி வீடாக வந்தான். ஏன் எங்கள் வீடுகள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"டீக்கடையில ஒருத்தன வரைய ஆரம்பிச்சா பாதி மூக்கு வர்றதுக்குள்ள க்ளாஸ வெச்சிட்டுப் போயிடறான். நெசவுக்காரன் குழியில எறங்கிட்டா மத்தியானம் வரைக்கும் எங்க ஓடுவான்? நீங்கதான்டா எனக்கு வசமா மாட்னவங்க."

கரிக்குச்சியை அவனே செய்துகொள்வான். முருங்கைக் குச்சிகளைத் தோல் சீவி, பால் பவுடர் டப்பாவில் அடைத்து மூடி, அடுப்புத் தணலில் புதைத்துவிடுவான். ஆறின பிறகு திறந்தால் உள்ளே மயிர்போல லேசான கரிக்குச்சிகள். தாளுக்கு, ஒட்டாமல் மிச்சமான சுவரொட்டிகளின் பின்பக்கம். அழிப்பதற்கு ரப்பர் கிடையாது, பன். டீக்கடையில் ஒரு பன் வாங்கினால் பாதி அவன் வாய்க்கு, பாதி படத்துக்கு. உள்பக்கத்து மெத்தைப் பகுதியை உருட்டி ஒற்றி எடுத்தால் கரி அப்படியே வந்துவிடும். உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, இவரு படம் வரையறாரா, பலகாரம் பண்றாரா?" என்று என்னிடம் கேட்டாள்.

அவன் வரைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குச்சியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நகர்த்தி அளப்பான். தலை அளவில் முதுகு எத்தனை, முழங்கை எங்கே. அப்புறம் இரண்டு கண்ணையும் இடுக்கிக்கொள்வான். "கண்ண இடுக்கினா சில்லறை விஷயம்லாம் போயிடும். மிச்சம் நிக்கறதுதான் ஆளு" என்பான். நேராகக் கோடு போட ஆரம்பிக்க மாட்டான். குச்சியைப் படுக்கவைத்து நிழலைத் தேய்ப்பான். கொஞ்ச நேரத்துக்கு அது அழுக்குத் துணி மாதிரி இருக்கும். திடீரென்று அந்த அழுக்கிலிருந்து ஒரு தோள் எழுந்து வரும்.

இன்னொன்று, எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா இருந்தால் திட்டுவான். "வாய மூடினா போட்டோ மூஞ்சி வந்துடுது. பேசு. யாரையாவது திட்டு. அப்பதான் உம் மூஞ்சி வீட்டுக்கு வரும்."

என் முதுகு

ஒரு தடவை எனக்குப் பின்னால், அம்மா ராட்டை சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகை வரைந்தான். அம்மா தினமும் அங்கேதான் உட்கார்ந்து நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பாள். முடித்துவிட்டு எனக்குக் காட்டினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வலது தோள் இறங்கி, தண்டுவடம் லேசாக வளைந்து, யாரோ கிழவன் மாதிரி இருந்தது.

"யாருபா இது?"

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு! "அய்ய, இது நீங்கதாங்க. இந்த முதுக ஊர்ல எந்த மூலையில பாத்தாலும் நான் கண்டுபுடிச்சிடுவேன்."

என் முதுகு எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அது ஒரு வேடிக்கையாகப் போய்விட்டது.

சிரிக்காத அப்பா

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், காரியத்தன்றைக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குப் போட்டோ இருந்தது? யாராவது கல்யாணத்தில் கும்பலாக எடுத்த போட்டோவில், மூன்றாவது வரிசையில், மிளகு அளவுக்கு ஒரு தலை தெரியும். அதை எடுத்துக்கொண்டு தாமுவிடம் வருவார்கள். அதிலிருந்து அவன் முழுப் படம் பண்ணித் தர வேண்டும். பட்டு அங்கவஸ்திரம் போடு, காதில் கடுக்கன் போடு, வழுக்கையைக் கொஞ்சம் குறை. உயிரோடு இருந்தபோது கிடைக்காததெல்லாம் தாமு கையால் கிடைக்கும்.

வந்தவாசியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா எப்போதும் சிடுசிடு என்று இருப்பாராம். படத்திலாவது சிரித்த முகமாக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். தாமு மூத்த மகனை உட்கார வைத்துச் சிரிக்கச் சொல்லி, அந்தச் சிரிப்பை அப்பாவின் முகத்தில் வைத்தான். நான் அப்போது அந்த அறையில்தான் இருந்தேன். இறந்தவரின் சம்சாரம் படத்தைப் பார்த்தார்கள்.

"இவுரு யாருப்பா? என்னப் பாத்து ஒரு நாளும் இப்பிடி சிரிச்சதே இல்ல."

தாமு பயந்துவிட்டான். "மாத்திடட்டுங்களாம்மா?"

"வாணாம் வாணாம். இருக்கட்டும். இனிமேலாவது சிரிக்கட்டும்."

இதை அவன் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஆனால் என்னிடம் வேறு ஒன்று சொன்னான். "ஏகா, அந்தம்மா சொன்னதுதான் நெஜம். நான் வரைஞ்சது அவுங்க புருசன் இல்ல. தெரியாத ஆள வரையறது பேஜார் புடிச்ச வேல."

ராட்டை நின்றது

சேகருக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். அன்றைக்கே ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். மொட்டைத் தலையோடு வேண்டாம், முடி கொஞ்சம் வளரட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். முடி வளர்ந்தது. அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

சின்னக் குழந்தை போனால் எங்கள் வீடுகளில் புதைப்பதோடு சரி. காரியம் கிடையாது, படம் வைப்பது கிடையாது, பெயரைச் சொல்லிப் பேசுவதும் கிடையாது. அடுத்தது நல்லபடியாக வர வேண்டுமே என்ற பயம். பக்கத்துத் தெருவில் இருந்த என் அக்கா, உங்கள் கனகம் அத்தை, இதில் ரொம்பக் கண்டிப்பு. சேகரின் சொக்காய், கிலுகிலுப்பை எல்லாவற்றையும் அவள்தான் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனாள். கெட்ட மனசில் இல்லை. அவளும் ஒரு குழந்தையை அப்படிப் புதைத்தவள்தான்.

வருஷம் ஒன்று போயிருக்கும். அம்மா வயிற்றில் வளர்மதி இருந்தாள். ஒரு மத்தியானம் நான் நெய்துகொண்டிருக்கிறேன், பின்னால் ராட்டைச் சத்தம் நின்றுவிட்டது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன்.

"ஏங்க."

"இன்னா?"

"எனக்கு அவன் மூஞ்சி மறந்துகினே வருதுங்க."

நான் திரும்பவில்லை. நாடாவை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மொதல்ல வாய் போச்சி. இப்ப கண்ணு. கண்ண மூடி நெனச்சா, கண்ணு இருக்கற எடத்துல ஒன்னுமே இல்ல. இது பொறந்துடுச்சின்னா," என்று வயிற்றைத் தொட்டிருப்பாள் போல, வளையல் சத்தம் கேட்டது, "இது மூஞ்சி வந்து அது மேல உக்காந்துக்கும். அப்பறம் அவன் எனக்கு இல்லவே இல்லாம போயிடுவான்."

தனக்கு ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை, அன்றைக்கு வரைக்கும். "உங்க சிநேகிதர்கிட்ட சொல்லி வரைஞ்சி குடுக்கச் சொல்லுங்க. ஜல்தியா. இது பொறக்கறதுக்குள்ள."

அழகான குழந்தை

போட்டோ இல்லாத, நாங்கள் பேசி வர்ணிக்கக்கூடப் பழகாத ஒரு குழந்தை முகம். தாமு முடியாது என்று சொல்வான் என்றுதான் நினைத்தேன். "பாக்கலாம்" என்றான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் கண் என் உடம்பு மேல்தான்; சேகரை வீட்டிலும் தெருவிலும் பார்த்திருக்கிறான், ஆனால் கவனித்துப் பார்த்ததில்லை. அதைச் சொல்லும்போது அவன் முகம் சுருங்கிவிட்டது.

எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தான். அம்மாவின் கண்ணை வரைந்தான். என் நெற்றியை வரைந்தான். மூக்கு யாருடையது, உதடு யாருடையது என்று கேட்டுக் கேட்டு, நேர் முகமாக ஒரு குழந்தையைக் கொண்டுவந்தான். மாலை போடுகிற படமெல்லாம் நேர் முகம்தானே. அவன் கை அதற்குத்தான் பழகியிருந்தது.

"கன்னத்துல குழி விழும். சிரிச்சா நல்லா விழும்" என்றாள் அம்மா.

"அவனுக்கா? குழியே கெடையாதே" என்றேன் நான்.

"இன்னாங்க சொல்றீங்க? இம்மாம் பெரிய குழி!"

"தெனம் எம் பக்கத்துலதான்டி நின்னுகினு இருந்தான். எனக்குத் தெரியாதா?"

"பெத்தவளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி?"

பெரிய சண்டையாகப் போய்விட்டது. தாமு இரண்டு கன்னத்திலும் குழி வைத்துப் பார்த்தான். அப்புறம் பன்னால் ஒற்றி இரண்டையும் எடுத்துப் பார்த்தான். கடைசியில் ஒரு படம் வந்தது. நல்ல படம். காலண்டரில் போடலாம், அவ்வளவு அழகு.

அம்மா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அழகா கீறான்" என்றாள். "ஆனா எம் புள்ள இல்லீங்க."

தாமு தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வாரம் இன்னொன்று கொண்டுவந்தான். அதுவும் இல்லை. அன்றைக்கு அம்மா சத்தமாக அழுதாள். "வாணாங்க. நிறுத்தச் சொல்லுங்க. இந்த ரெண்டு மூஞ்சியும் வந்து மேல உக்காந்துகிச்சி. கொஞ்ச நஞ்சம் இருந்ததும் போயிடுச்சி."

அழுகைச் சத்தம் கேட்டுக் கனகம் அக்கா வந்துவிட்டாள். தரையில் கிடந்த படங்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குப் புத்தி கீதாடா ஏகாம்பரம்? பால்குடி மறக்காத புள்ளைக்கு யாராவது படம் எழுதுவாங்களா? மாசமா இருக்கற பொம்பளைய இப்பிடி அழவெச்சிகினு உக்காந்திருக்கியே. யோவ் ஆர்ட்டிஸ்ட்டு, நீ கெளம்புய்யா. லாரிக்குப் பூ எழுது, போ."

தாமு படங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் பல நாள் எங்கள் பக்கமே வரவில்லை. டீக்கடையில் பார்த்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டான்.

இடது இடுப்பு

அதற்கு அப்புறம்தான் அந்தக் காலை நேரம். நான் சொன்னேனே, என் பலகையில் வந்து உட்கார்ந்து, சேகர் எங்கே நிற்பான் என்று கேட்டானே, அந்த நாள்.

வெறும் இடத்தைப் பார்த்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"ஏகா, உக்காந்தவனுக்கும் நிக்கற கொழந்தைக்கும் இங்க ஒரே உசரம். அவன் தறியப் பாத்துகினு நின்னா, உனக்கு அவன் இடது கன்னம்தான் தெரியும். உனக்கு மனசுல நிக்கறது அந்தப் பக்கம்தான்."

"அதனால?"

"அந்தப் பக்கம் குழி இல்ல. நீ சொன்னது பொய் இல்லபா." எழுந்து குழியிலிருந்து வெளியே வந்தான். "அன்னிக்கி உம் முதுகப் பாத்ததும், தங்கச்சி யோசிக்காமயே புருசன்னு சொல்லிச்சி இல்ல? உம் மூஞ்சிய வரைஞ்சி காட்டியிருந்தா மூக்கு சரியில்ல, காது சரியில்லன்னு சொல்லியிருக்கும். தெனம் பாத்தது முதுகு. தங்கச்சி தன் புள்ளய தெனம் எங்கேருந்து பாத்துச்சி? நான் அத்தக் கேக்கவே இல்ல. பூசை படம் மாதிரி நேரா உக்கார வெச்சிட்டேன்."

அம்மா சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாமு அவளிடம் போய், "தங்கச்சி, கோவம் போவலன்னா திட்டு. ஆனா பக்கத்து வீட்டுக் கொழந்தய ஒரு தபா தூக்கிகினு வா" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லாமலே குழந்தை அவள் இடது இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. வலது கை வேலைக்கு வேண்டுமே. எல்லாப் பெண்களும் அப்படித்தான் தூக்குகிறார்கள்.

"நட. சும்மா பேசிகினே நட. கடைக்குப் போற மாதிரி."

அம்மா நடையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து நடைக்கும் நடந்தாள். தாமு அவளுக்குப் பின்னாலேயே, முட்டியை மடக்கி, தன் தலையை அவள் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து, கொக்கு மாதிரி நடந்தான். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள்.

"இன்னாடா இது கூத்து?"

நான் அக்காவுக்கு மணைப்பலகையை எடுத்துப் போட்டேன். வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இடுப்பில் இருக்கிற குழந்தை அம்மாவைப் பார்ப்பதில்லை. எங்கே போகிறோமோ அந்தப் பக்கம் பார்க்கும். நாய், பஸ், பலூன்காரன். மேலேயிருந்து அம்மாவுக்குத் தெரிவது இமை மயிர், வலது கன்னத்தின் மேடு, மூக்கு நுனி, ஒரு காது. வாய்கூடச் சரியாகத் தெரியாது. குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் நேராகவும்தான் பார்த்திருப்பாள். ஆனால் நாள் முழுக்க அவள் கண்ணில் இருந்தது இதுதான்.

தாமு சுவரில் சாய்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டான். "இப்ப சொல்லு தங்கச்சி. கண்ண மூடாத. இந்தக் கொழந்தயப் பாத்துகினே அவனச் சொல்லு."

அவள் நடந்துகொண்டே சொன்னாள். இமை இதைவிட நீளம். கீழே பார்த்தால் கன்னத்தில் படும். நெற்றி முடி காற்றில் எழுந்து நிற்கும். தாலிக் கயிற்றை இழுத்து வாயில் வைத்துக்கொள்வான், அதனால் கன்னம் ஒரு பக்கம் உப்பிக்கொண்டிருக்கும். பஸ்ஸைப் பார்த்துவிட்டால் சிரிப்பான். "இங்க" என்று தன் விரலைக் குழந்தையின் வலது கன்னத்தில் வைத்தாள். "சிரிச்சா இங்க விழும்."

தாமு கண்ணை இடுக்கிக்கொண்டு, குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தான். அழுக்குத் துணி. அப்புறம் அந்த அழுக்கில் ஒரு நெற்றி மேடு வந்தது, மேலேயிருந்து பார்க்கிறமாதிரி. பன்னை உருட்டி ஓர் இடத்தில் ஒற்றினான், மூக்கு நுனி வெளிச்சமானது. குச்சியை உடைத்து, கூரான முனையால் இமை மயிரை ஒவ்வொன்றாக இழுத்தான். மூச்சுகூட விடவில்லை அவன்.

தாளைத் திருப்பிக் காட்டினான்.

அம்மா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். அழவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அது என் கண்ணில் பட்டது. அவள் இடுப்பு தானாக இடது பக்கம் வெளியே தள்ளியது. இடது கை வளைந்து, இல்லாத ஒரு பாரத்தைத் தாங்குகிறமாதிரி நின்றது.

"கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பணுங்கண்ணா" என்றாள் மெதுவாக. "கயிறு வாயில இருந்திச்சி இல்ல."

தாமு உப்பவைத்தான்.

பெட்டியும் நானும்

அந்தக் கரிப் படத்தை அறைக்கு எடுத்துக்கொண்டு போய், வேறு நல்ல தாளில், தண்ணீர் வர்ணத்தில் பண்ணிக்கொண்டு வந்தான். நீங்கள் பார்த்தது அதுதான். ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். அதில் அதிக வர்ணம் கிடையாது. காது ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு. வெயிலில் நிற்கிற குழந்தையின் காது உள்ளுக்குள் அப்படித்தான் சிவக்கும். அதை எங்கே பார்த்தான், எப்போது பார்த்தான், எனக்குத் தெரியாது. உலகத்தில் இப்படியும் ஒரு மனுஷன் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கனகம் அக்கா படத்தை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"மாட்டாத" என்றாள் அம்மாவிடம். "பொட்டு வெக்காத, பூ வெக்காத. சாமி பக்கத்துல வெக்காத. சேலைக்கு அடியில வெச்சிக்க. தோணும்போது எடுத்துப் பாரு." அப்புறம், வாசல் வரைக்கும் போனவள், திரும்பி நின்று தாமுவைக் கேட்டாள். "ஏம்பா, பொம்பளப் புள்ளையா இருந்தாலும் வருமா? ரொம்ப வருசம் ஆயிடுச்சி. வருமா?"

"வாங்கக்கா. உக்காந்து பேசலாம்" என்றான் அவன்.

அவள் போனாளா என்று நான் கேட்டதில்லை.

எல்லோரும் போன பிறகு தாமு என்னிடம், "உன்னுதும் ஒன்னு போடட்டுமா ஏகா? இடது பக்கம்?" என்றான்.

"எதுக்குபா? அவளுக்கு வந்திடுச்சி இல்ல, அது போதும்" என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்தான். அப்புறம் பன்னில் மிச்சமிருந்ததை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மாசம் ஏறினதும் அம்மா பிரசவத்துக்குக் கலசப்பாக்கத்துக்குத் தாய்வீடு போனாள். பெட்டியும் கூடப் போனது. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் ராட்டைச் சத்தம் இல்லை.

மறுநாள் காலையில் அடுப்பிலிருந்து ஆறிப்போன கரித்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினேன். மிதியில் கால் வைக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, குழியின் வலது பக்கச் சுவரில், என் கால் படாத மூலையில், சுண்ணாம்பு பூசின இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். நெற்றி வந்தது. மூக்கு கத்தரிக்காய் மாதிரி வந்தது. உள்ளங்கையால் துடைத்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டு திரும்ப இழுத்தேன். கன்னம், குழி விழாத கன்னம், வரவே இல்லை. இடது காது மட்டும் ஒரு மாதிரி வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மேலே ஏறி வந்து, சீயக்காய் போட்டு, நகக்கண்ணில் கரி போகும் வரைக்கும் கையைத் தேய்த்துக் கழுவினேன். பட்டில் ஒட்டிவிடக் கூடாது. துண்டில் துடைத்து, வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இறங்கி நாடாவை எடுத்தேன்.